60 சதவீத ஷேர் வாங்கியாச்சு, இனி கன்சாலிடேட்டட் அக்கவுண்ட்ஸ் எப்படி போடறது?

டீல் முடிஞ்சு ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் சுத்தி வந்தப்புறம் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரே ஒரு வரி மெயில் வரும், "மார்ச் குளோசிங்ல இந்த கம்பெனியையும் சேர்த்து போட்ருங்க". நம்ம கணக்கையும் வாங்கின கம்பெனி கணக்கையும் ஒரே குரூப்பா சேர்த்துப் போடறதுதான் கன்சாலிடேட்டட் அக்கவுண்ட்ஸ். ரெண்டு ட்ரையல் பேலன்ஸை (எல்லா லெட்ஜர் பேலன்ஸோட லிஸ்ட்) பக்கத்துல பக்கத்துல வெச்சு கூட்டினா போதும்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. கூட்டறது அரை மணி நேர வேலை. மீதி எல்லாமே நீங்க போடப் போற அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரிகள்தான், அந்த என்ட்ரிகள் நம்ம டாலி சாஃப்ட்வேர்லயும் இருக்காது, வாங்கின கம்பெனி டாலியிலயும் இருக்காது, உங்க எக்செல்ல மட்டும்தான் இருக்கும். அதனால இந்த வேலையில முக்கியமானது அந்த எக்செல் ஃபைல், அதுலயும் வாங்கின அன்னிக்கு போட்ட முதல் ஷீட்.

முதல்ல யாருக்கு இது கட்டாயம்னு பாத்துடலாம். கம்பெனீஸ் ஆக்ட் 2013, செக்ஷன் 129(3) படி ஒரே ஒரு சப்சிடியரி (நம்ம கண்ட்ரோல்ல இருக்கற கம்பெனி) இருந்தாலும் கன்சாலிடேட்டட் ஸ்டேட்மென்ட் போடணும், லிஸ்டட் கம்பெனி, பிரைவேட் லிமிடெட்னு பேதம் இல்ல. அசோசியேட் (கண்ட்ரோல் இல்லாம கணிசமான செல்வாக்கு மட்டும் இருக்கற கம்பெனி), ஜாயின்ட் வென்ச்சர் (இன்னொருத்தரோட கூட்டா கண்ட்ரோல் பண்றது) இருந்தாலும் அதேதான். நமக்கு மேல ஒரு ஹோல்டிங் கம்பெனி இருந்து அவங்க இந்தியாவுல ரிஜிஸ்ட்ரார்கிட்ட கன்சாலிடேட்டட் ஃபைல் பண்றாங்க, நம்ம ஷேர் லிஸ்ட் ஆகல, மத்த ஷேர்ஹோல்டர்ஸுக்கும் எழுதிக் கொடுத்து அவங்க ஆட்சேபம் சொல்லலைன்னா அக்கவுண்ட்ஸ் ரூல்ஸ் 2014, ரூல் 6ல விலக்கு கிடைக்கும். நம்மதான் உச்சியில இருக்கோம்னா தப்பிக்க வழியில்ல.

அடுத்த கேள்வி எந்த ஸ்டாண்டர்டுன்னு. லிஸ்டட் கம்பெனி (சின்ன கம்பெனிகளுக்கான எஸ்எம்இ போர்டு தவிர), இல்ல நெட்வொர்த் 250 கோடியோ அதுக்கு மேலயோ இருக்கற கம்பெனின்னா இன்ட் ஏஎஸ் (ஐஎஃப்ஆர்எஸ்ங்கற சர்வதேச ஸ்டாண்டர்டை ஒட்டின இந்திய அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட்). மத்தவங்க பழைய ஏஎஸ் 21. இங்க பலரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு, இன்ட் ஏஎஸ் போடற கம்பெனியோட சப்சிடியரியும் இன்ட் ஏஎஸ் போட்டாகணும், அது எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி. இத்தனை வருஷமா சாதாரணமா புக்ஸ் எழுதிட்டிருந்த அந்த யூனிட்டோட அக்கவுண்டன்ட் திடீர்னு ஷெட் வாடகைய லீஸ் லையபிலிட்டியா மாத்தணும், கிராஜுவிட்டிக்கு ஆக்சுவரி ரிப்போர்ட் வாங்கணும், வராம போகலாம்னு எதிர்பாக்கற பாக்கிக்கு எக்ஸ்பெக்டட் கிரெடிட் லாஸ் போடணும். மார்ச் மாசம் போய் அவர்கிட்ட இதை சொன்னா அவர் லீவ்ல போயிடுவார், டீல் முடிஞ்ச வாரமே உக்காந்து பேசிடுங்க.

கண்ட்ரோல் இருக்கா, எந்த தேதியில வந்துச்சு

ஆக்ட் பிரகாரம் பாதிக்கு மேல வோட்டிங் பவர் இருந்தாலோ, போர்டை அமைக்கற அதிகாரம் இருந்தாலோ சப்சிடியரி. ஆனா கன்சாலிடேஷனுக்கான ஸ்டாண்டர்ட் இன்ட் ஏஎஸ் 110, அது பர்சன்டேஜோட நிறுத்திக்காது, அந்த பிசினஸை உண்மையில நடத்தற முடிவை யார் எடுக்கறாங்கன்னு கேக்கும். அதனால ஷேர்ஹோல்டர்ஸ் அக்ரிமென்ட்டை நீங்களே முழுசா படிங்க, லீகல் டீம் அனுப்பின சம்மரிய நம்பாதீங்க. கடைசி பக்கங்கள்ல "பழைய புரமோட்டர் சம்மதம் இல்லாம செய்யக்கூடாதவை"ன்னு ஒரு லிஸ்ட் இருக்கும். புது ஷேர் இஷ்யூ பண்ணக்கூடாது, கம்பெனிய மூடக்கூடாது, இந்த மாதிரி விஷயங்கள் மட்டும் இருந்தா அது மைனாரிட்டியோட பாதுகாப்புக்கு போட்டது, கண்ட்ரோல் உங்ககிட்டதான். வருஷ பட்ஜெட், எம்டி நியமனம் இதுக்கெல்லாம் அவர் கையெழுத்து வேணும்னா 60 சதவீதம் வெச்சிருந்தும் கண்ட்ரோல் உங்களுக்கு மட்டும் இல்ல, லைன் பை லைனா கூட்டவே கூடாது, ஈக்விட்டி மெத்தட்ல (நம்ம பங்கை மட்டும் காட்டற முறை) ஒரே வரியில வரக்கூடிய கேஸ் அது. இதை ஆடிட்டர்கிட்ட டிசம்பர்லயே பேசி முடிவு பண்ணுங்க, மே மாசம் வரைக்கும் இழுக்காதீங்க.

தேதி விஷயத்துக்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கு. அல்ட்ராடெக் 2024 ஜூன்ல இந்தியா சிமென்ட்ஸ்ல சுமார் 23 சதவீதம் வாங்கிச்சு. ஜூலை கடைசியில புரமோட்டர் குரூப்போட 32.72 சதவீதத்தை ஷேர் 390 ரூபாய்க்கு வாங்கறோம்னு அறிவிச்சாங்க. காம்படிஷன் கமிஷன் அப்ரூவல் வந்து டிசம்பர் 24 அன்னிக்குதான் டீல் முடிஞ்சு மொத்தம் 55.49 சதவீதம் ஆச்சு, அன்னிலேர்ந்துதான் சப்சிடியரி. ஜூலையில அறிவிச்சாச்சேன்னு ஜூலையிலேர்ந்து சேல்ஸை சேக்க முடியாது. அக்ரிமென்ட் தேதி, அட்வான்ஸ் கொடுத்த தேதி, பேப்பர்ல செய்தி வந்த தேதி எதுவும் கணக்குல வராது, அதிகாரம் கைக்கு வந்த நாள்தான் கணக்கு. அதுக்கு முன்னாடி அந்த கம்பெனி சம்பாதிச்ச லாபம் எல்லாம் நீங்க கொடுத்த விலைக்குள்ள அடங்கிடுச்சு, உங்க லாப நஷ்டத்துல அதுக்கு இடம் இல்ல.

இந்த மாதிரி முன்னாடியே கொஞ்சம் ஷேர் கையில இருந்து அப்புறம் மெஜாரிட்டி வந்தா, அந்த பழைய ஷேரையும் கண்ட்ரோல் வந்த அன்னிக்கு ஃபேர் வேல்யூக்கு (அன்னிக்கு வித்தா கிடைக்கக்கூடிய நியாயமான விலை) கொண்டு வந்து, அன்னிக்கு வித்துட்டு திரும்ப வாங்கின மாதிரி ட்ரீட் பண்ணணும். கண்ட்ரோல் வந்தப்புறம் மேற்கொண்டு வாங்கற ஷேருக்கு புதுசா குட்வில் (நெட் அசெட்ஸ் மதிப்புக்கு மேல கொடுத்த விலை) போடக்கூடாது, கொடுத்த காசுக்கும் என்சிஐ (நம்மைத் தவிர மத்த ஷேர்ஹோல்டர்ஸோட பங்கு) குறைஞ்சதுக்கும் உள்ள வித்தியாசம் நேரா ஈக்விட்டியில போகும். ஓபன் ஆஃபர் (மத்த ஷேர்ஹோல்டர்ஸ்கிட்டயும் வாங்கறோம்னு பொதுவா அறிவிக்கறது) மாதிரி அதே டீலோட ஒட்டினதா இருந்தா மட்டும் ரெண்டும் ஒரே டிரான்சாக்ஷனான்னு முதல்ல ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கங்க.

டேட் மாசத்துக்கு நடுவுல விழுந்தா, அந்த சில நாள்ல பெருசா ஒண்ணும் நடக்கலைன்னா பக்கத்து மாசக் கடைசிய எடுத்துக்கறது நடைமுறையில உண்டு. நடுவுல பெரிய ஆர்டர் பில் ஆயிருக்கு, டிவிடெண்ட் கொடுத்திருக்காங்கன்னா அந்த சௌகரியம் கிடையாது.

வாங்கின அன்னிக்கு போடற ஷீட்

இனி ஒரு கணக்கை வெச்சே போலாம். பம்ப் செய்யற கம்பெனி ஒண்ணு, தனக்கு காஸ்டிங் (உலோக வார்ப்பு) சப்ளை பண்ற ஃபவுண்டரியில 60 சதவீதத்தை 18 கோடிக்கு 2024 அக்டோபர் 1 அன்னிக்கு வாங்குதுன்னு வெச்சுக்கங்க. எல்லாமே கற்பனை நம்பர்தான், இனி 'நாம'ன்னா அந்த பம்ப் கம்பெனி. ஃபவுண்டரி புக்ஸ்ல அன்னிக்கு கேபிடலும் ரிசர்வும் சேர்ந்து 20 கோடி.

ஏஎஸ் 21ன்னா சிம்பிள். 20 கோடியில 60 சதவீதம் 12, கொடுத்தது 18, மிச்சம் 6 கோடி குட்வில், மைனாரிட்டி 8 கோடி, முடிஞ்சுது. கம்பெனி வாங்கறதுக்கான ஸ்டாண்டர்ட் இன்ட் ஏஎஸ் 103ல அப்படி விட மாட்டாங்க. ஒவ்வொரு அசெட்டையும் அன்னிக்கு தேதி ஃபேர் வேல்யூக்கு கொண்டு வரணும், புக்ஸ்லயே இல்லாத அசெட்டையும் தேடணும். ஃபர்னஸ், மோல்டிங் லைன் எல்லாம் புக்ஸ்ல இருக்கறதை விட 3 கோடி கூட போகும்னு வேல்யுவர் சொல்றார். ரெண்டு பெரிய கஸ்டமரோட நீண்டகால சப்ளை உறவு இருக்கே, அதுக்கு 1 கோடி. ஆக 4 கோடி ஏறுது. இன்கம் டேக்ஸ்காரங்களுக்கு இந்த ஏத்தம் தெரியாது, அவங்களுக்கு பழைய வேல்யூதான், அதனால 25 சதவீதம்னு வெச்சா 1 கோடி டெஃபர்ட் டேக்ஸ் லையபிலிட்டி (பின்னாடி வரப் போற டேக்ஸ் சுமை). இந்த 1 கோடிய விட்டுட்டு போறவங்க நிறைய பேர், வேல்யுவர் ரிப்போர்ட்ல அது தனியா வராது, நீங்கதான் போடணும்.

20 கூட்டல் 4 கழித்தல் 1, 23 கோடி நெட் அசெட்ஸ். என்சிஐ, அதாவது மீதி 40 சதவீதக்காரங்க பங்கு, 23ல 40 சதவீதம்னா 9.20 கோடி. குட்வில் = 18 + 9.20 − 23 = 4.20 கோடி. என்சிஐய பங்கு விகிதத்துல எடுக்காம ஃபேர் வேல்யூல எடுக்கவும் ஸ்டாண்டர்ட் அனுமதிக்குது, அது 11 கோடின்னு வந்தா குட்வில் 6 கோடியா ஆயிடும். என்னைக் கேட்டா லிஸ்ட் ஆகாத கம்பெனிக்கு பங்கு விகிதமே போதும், இல்லாத மார்க்கெட் விலைய தேடி வேல்யுவரோட சண்டை போடற வேலை மிச்சம். குட்வில் மைனஸ்ல வந்தா, அதாவது மலிவா கிடைச்சிருந்தா, முதல்ல எல்லா வேல்யூவையும் திரும்ப செக் பண்ணணும், அப்பவும் மைனஸ்தான்னா நம்ம இன்ட் ஏஎஸ்ல அது ஓசிஐ (லாப நஷ்டத்துக்கு வெளிய காட்டற வருமானம்) வழியா கேபிடல் ரிசர்வுக்கு போகும். ஐஎஃப்ஆர்எஸ் புக்ல படிச்சுட்டு லாபத்துல காட்டிடாதீங்க, அங்கதான் அப்படி.

விலைன்னா என்னென்ன சேரும்னும் பாத்துக்கங்க. டியூ டிலிஜென்ஸ் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ் எல்லாம் கன்சாலிடேட்டட்ல விலைக்குள்ள வராது, செலவுலதான் போகும். பழைய ஓனருக்கு "ரெண்டு வருஷத்துல இவ்வளவு லாபம் காட்டினா இன்னும் 2 கோடி தர்றோம்"னு சொல்லியிருந்தா அதோட வாங்கின அன்னிக்கு தேதி ஃபேர் வேல்யூ விலைக்குள்ள வரும். அவர் வேலைய விட்டா அந்தக் காசு கிடைக்காதுன்னு ஷரத்து இருந்தா மட்டும் அது விலை கிடையாது, சம்பளம். மீதி 40 சதவீதத்தை அவர் சொல்ற நேரத்துல நாம வாங்கியே ஆகணும்னு புட் ஆப்ஷன் இருந்தா அது ஒரு லையபிலிட்டியா பேலன்ஸ் ஷீட்ல வந்து உக்காரும், இதை டீல் பேசறப்பவே எம்டிக்கு சொல்லிடுங்க, அப்புறம் கடன் ரேஷியோவ பாத்து பேங்க்காரங்க கேப்பாங்க.

வேல்யுவேஷன் எல்லாம் முழுசா முடியலைன்னா புரொவிஷனல்னு போட்டு வாங்கின தேதியிலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள சரி பண்ணலாம். ஆனா வாங்கின அன்னிக்கு இருந்த நிலைமையைப் பத்தி பிறகு தெரிய வந்த விஷயத்துக்கு மட்டும்தான் அந்த சலுகை. பிப்ரவரியில ஃபர்னஸ் வெடிச்சா அது பிப்ரவரி நஷ்டம், குட்வில்லுக்குள்ள தள்ளி மறைக்க முடியாது.

மார்ச் குளோசிங்

முதல்ல பாலிசி ஒண்ணா இருக்கணும். நீங்க ஸ்டாக்கை வெயிட்டட் ஆவரேஜ்ல (சராசரி விலையில) போடறீங்க, அவங்க ஃபிஃபோ (முதல்ல வந்தது முதல்ல போகும்) போடறாங்கன்னா அவங்க நம்பரை மாத்தணும். ஆனா டிப்ரிசியேஷன் மெத்தட் ஒரு எஸ்டிமேட்தான், பாலிசி இல்ல, அதனால அவங்க டபிள்யூடிவி (மிச்ச மதிப்பு மேல சதவீதம்), நீங்க எஸ்எல்எம் (வருஷா வருஷம் ஒரே தொகை)னு இருக்கறதுக்காக மட்டும் எல்லா மெஷினையும் புரட்டிப் போட வேண்டியதில்ல. வெளிநாட்டு சப்சிடியரி டிசம்பர்ல இயர் எண்ட் வெச்சிருந்தா இன்ட் ஏஎஸ்ல மூணு மாச வித்தியாசம் வரைக்கும்தான் ஒத்துக்குவாங்க, ஏஎஸ் 21ல ஆறு மாசம்.

அப்புறம் இன்டர் கம்பெனி. அப்பா பையனுக்கு கொடுத்த காசு வீட்டு வருமானத்துல சேராதே, அதே லாஜிக்தான். ஃபவுண்டரி அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் நமக்கு 3 கோடிக்கு காஸ்டிங் வித்திருக்குன்னா அவங்க சேல்ஸ்ல 3, நம்ம பர்ச்சேஸ்ல 3 ரெண்டையும் அடிச்சிடணும். அக்டோபருக்கு முன்னாடி வித்ததை அடிக்கக்கூடாது, அப்ப அவங்க வெளியாள்.

பேலன்ஸை அடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒத்துப் போகணும், ஒரு நாளும் ஒத்துப் போகாது. நம்ம லெட்ஜர் 84,60,000 கொடுக்கணும்னு காட்டும், அவங்க லெட்ஜர் 91,20,000 வரணும்னு காட்டும். வித்தியாசம் 6,60,000. தேடிப் பாத்தா மார்ச் 30 ராத்திரி கிளம்பின லாரி ஒண்ணு, 5 லட்சம் சரக்கு, 18 சதவீத ஜிஎஸ்டியோட 5,90,000, நம்ம குடோனுக்கு ஏப்ரல் 1 அன்னிக்குதான் வந்திருக்கு. மீதி 70,000, ரிஜெக்ட் ஆன காஸ்டிங்குக்கு நாம போட்ட டெபிட் நோட், அவங்க இன்னும் என்டர் பண்ணல. லாரி சரக்கை நம்ம பக்கம் ஸ்டாக் இன் டிரான்சிட்டா எடுத்து, டெபிட் நோட்டை அவங்க பக்கம் போட வெச்சா நேரா ஆயிடும். வித்தியாசத்தை மிசலேனியஸ்ல தள்ளிட்டு போறவங்க இருக்காங்க, அந்த பழக்கம் வேணாம், அடுத்த வருஷம் அது ரெட்டிப்பா வந்து நிக்கும். மார்ச் வரைக்கும் காத்திருக்காம மாசாமாசம் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் வாங்கிட்டா இந்த தேடல் பத்து நிமிஷத்துல முடியும்.

இப்ப ஸ்டாக்குக்குள்ள இருக்கற லாபம். மார்ச் 31 அன்னிக்கு அந்த லாரியும் சேர்த்து ஃபவுண்டரிகிட்ட வாங்கின சரக்கு நம்மகிட்ட 1 கோடிக்கு இருக்கு, அதுல அவங்க மார்ஜின் 20 சதவீதம். குரூப்பா பாத்தா அந்த 20 லட்சம் இன்னும் சம்பாதிக்கல, வெளியில பம்ப்பா வித்தாதான் லாபம். அதனால 20 லட்சத்தை ஸ்டாக்லேர்ந்து குறைக்கணும், 5 லட்சம் டெஃபர்ட் டேக்ஸ், நிகரமா 15 லட்சம். வித்தது சப்சிடியரிங்கறதால இந்த 15ல 40 சதவீதம் என்சிஐ தலையில விழும். நாம அவங்களுக்கு வித்திருந்தா முழுசும் நம்ம தலையில. இந்த ரெண்டையும் குழப்பிக்கறதுதான் நான் அடிக்கடி பாக்கற தப்பு.

கணக்கை முடிச்சிடலாம். ஃபவுண்டரியோட இரண்டாம் அரையாண்டு லாபம் அவங்க புக்ஸ்படி 240 லட்சம். நாம ஏத்தின 3 கோடி மெஷினுக்கு 10 வருஷ ஆயுள்னா ஆறு மாசத்துக்கு 15 லட்சம், 1 கோடி கஸ்டமர் உறவுக்கு 5 வருஷம்னா 10 லட்சம், ஆக 25 லட்சம் கூடுதல் தேய்மானம், டெஃபர்ட் டேக்ஸ் 6.25 போக 18.75 லட்சம். 240 − 18.75 − 15 = 206.25 லட்சம். இதுல என்சிஐ 82.50, நம்ம பங்கு 123.75. பிப்ரவரியில அவங்க 50 லட்சம் இன்டரிம் டிவிடெண்ட் கொடுத்தாங்க, நமக்கு வந்த 30 லட்சத்தை நம்ம அதர் இன்கம்லேர்ந்து தூக்கிடணும், வெளியாளுங்க வாங்கின 20 லட்சம் என்சிஐயிலேர்ந்து குறையும். குளோசிங் என்சிஐ = 920 + 82.50 − 20 = 982.50 லட்சம்.

சரியான்னு பாக்க இன்னொரு வழி. நெட் அசெட்ஸ் பக்கமா வாங்க, 2,300 + 240 − 18.75 − 15 − 50 = 2,456.25, அதுல 40 சதவீதம் 982.50. ரெண்டு வழியிலயும் ஒரே நம்பர் வரலைன்னா ஷீட்டை யாருக்கும் அனுப்பாதீங்க.

குட்வில்லை தேய்க்கறது கிடையாது, வருஷா வருஷம் இம்பேர்மென்ட் டெஸ்ட் (மதிப்பு குறைஞ்சிருக்கான்னு பாக்கறது). என்சிஐய பங்கு விகிதத்துல எடுத்திருந்தா டெஸ்ட்டுக்கு முன்னாடி 4.20ஐ 60 சதவீதத்தால வகுத்து 7 கோடின்னு ஏத்திதான் ஒப்பிடணும், ஏன்னா அந்த யூனிட்டோட ரெக்கவரபிள் வேல்யூ (அதுலேர்ந்து திரும்பக் கிடைக்கக்கூடிய மதிப்பு) முழு 100 சதவீதத்துக்கு.

சப்சிடியரி நஷ்டத்துல போனா இன்ட் ஏஎஸ்ல என்சிஐ மைனஸ்லயும் போகலாம். ஏஎஸ் 21ல பொதுவா பூஜ்யத்தோட நின்னு மீதி நஷ்டத்தை நாம சுமக்கணும்.

கேஷ் ஃப்ளோ

பாதி பேருக்கு கணக்கு ஒத்துப் போகாதது இங்கதான். கொடுத்தது 18 கோடி, வாங்கின அன்னிக்கு ஃபவுண்டரி பேங்க்ல 1.50 கோடி இருந்துச்சுன்னா, இன்வெஸ்டிங்ல 16.50 கோடின்னு ஒரே வரி. அடுத்தது ஒர்க்கிங் கேபிடல். போன மார்ச் கன்சாலிடேட்டட்ல ஃபவுண்டரி இல்ல, இந்த மார்ச்ல இருக்கு, ரெண்டு பேலன்ஸ் ஷீட்டையும் சும்மா கழிச்சா அவங்க டெட்டர்ஸ் மொத்தமும் இந்த வருஷம் ஏறின மாதிரி காட்டும். அக்டோபர் 1 அன்னிக்கு வந்த டெட்டர்ஸ், ஸ்டாக், கிரெடிட்டர்ஸ், லோன் எல்லாத்தையும் தனி காலத்துல போட்டு கழிச்சிட்டுதான் மூவ்மென்ட் எடுக்கணும். வாங்கின அன்னிக்கு ஃபுல் ட்ரையல் பேலன்ஸ் எடுத்து கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்றது இதுக்காகவும்தான், மேல வந்த "அக்டோபருக்கு முன்னாடி, பின்னாடி" கேள்வி எல்லாத்துக்கும் அதுல பதில் இருக்கும். டாலியில பேக் டேட்டட் என்ட்ரி போட முடியும்ங்கறதால அன்னிக்கு தேதி பேக்கப்பும் ஒண்ணு எடுத்து வெச்சுக்கங்க.

போன வருஷ கம்பேரிடிவ் நம்பரை மாத்த வேண்டாம். ஏப்ரல் 1லேர்ந்தே வாங்கியிருந்தா குரூப் சேல்ஸும் லாபமும் எவ்வளவு இருந்திருக்கும்னு மட்டும் இன்ட் ஏஎஸ் 103 நோட்ல கேக்கும். லிஸ்டட் கம்பெனின்னா இது எல்லாத்தையும் குவார்டர் முடிஞ்சு 45 நாள்ல, வருஷ முடிவுக்கு 60 நாள்ல செய்யணும், சப்சிடியரி ஆடிட்டருக்கு நம்ம ஆடிட்டர் அனுப்பற இன்ஸ்ட்ரக்ஷன் லெட்டர் குளோசிங்குக்கு முன்னாடியே போயிருக்கணும். சப்சிடியரியோட முக்கிய நம்பர்கள் ஏஓசி-1 ஃபார்ம்ல, கன்சாலிடேட்டட் அக்கவுண்ட்ஸ் ஏஓசி-4 சிஎஃப்எஸ் ஃபார்ம்ல, ஏஜிஎம் முடிஞ்சு 30 நாளுக்குள்ள ரிஜிஸ்ட்ரார்கிட்ட போகணும்.

இனி அடுத்த வருஷம். ரெண்டு கம்பெனியோட புது ட்ரையல் பேலன்ஸையும் கூட்டினா போன வருஷம் போட்ட ஒரு அட்ஜஸ்ட்மென்ட் கூட அதுல இருக்காது. 4 கோடி ஏத்தம், 1 கோடி டெஃபர்ட் டேக்ஸ், குட்வில், போன வருஷ தேய்மானம் எல்லாத்தையும் ஓப்பனிங் என்ட்ரியா திரும்ப போடணும், போன வருஷ தேய்மானம் இப்ப லாப நஷ்டத்துல இல்ல, நம்ம ரிசர்வுக்கும் என்சிஐக்கும் 60:40. அப்படியும் ஓப்பனிங் ரிசர்வ் ஒத்துப் போகலைன்னா முதல்ல ஸ்டாக் லாபத்தை பாருங்க, அந்த சரக்கு இந்த வருஷம் வித்துப் போயிருக்கும், அந்த 15 லட்சம் இந்த வருஷ லாபமா திரும்ப வரணும், அதை போட மறந்திருப்பீங்க.